நடுவில் விழாத கியர்

தேனியில் நேரு சிலை என்று சொன்னால் ஊரின் மையம் என்று பொருள். மதுரைச் சாலையும் கம்பம் சாலையும் பெரியகுளம் சாலையும் அங்கேதான் வந்து கூடுகின்றன. போக்குவரத்தை நிறுத்தி வைத்திருக்கிற அந்த ஓரிரு நிமிஷங்களில் மோட்டார் சைக்கிள்காரர்களைக் கவனித்தால் ஒரு வேடிக்கையைக் காணலாம். பாதிப் பேர் எதிரே பார்ப்பதில்லை. தலையைக் குனிந்து தங்கள் இடது பாதத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கால் நுனியால் கியர் கம்பியை லேசாகத் தூக்குவார்கள்; வண்டி இரண்டாவது கியருக்குப் போய்விடும். மெல்ல அழுத்துவார்கள், முதல் கியரில் விழுந்துவிடும். மறுபடி மேலே, மறுபடி கீழே. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற நியூட்ரல் மட்டும் அகப்படாது. அகப்படுவதற்குள் வழி திறந்துவிடும். பின்னால் இருப்பவர்கள் ஹாரன் அடிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

எந்த வல்லரசின் பக்கமும் சேராமல் நிற்க முடியும் என்று உலகத்துக்குச் சொன்ன மனிதரின் சிலைக்கு முன்னால் இது நடப்பதில் ஒரு சின்ன நகைச்சுவையும் இருக்கிறது. ஆனால் சிரித்துவிட்டு மறந்துவிடக் கூடிய விஷயமாக அது எனக்குத் தோன்றவில்லை. முன்னே போவதற்கு உள்ள கியர்கள் எல்லாம் ஒரு தட்டில் விழுகின்றன. எந்தப் பக்கமும் சேராத அந்த ஒரே இடத்தைப் பிடிப்பதற்குத்தான் இத்தனை பாடு. மனிதர்களுடைய வழக்குகளிலும் அப்படித்தானே இருக்கிறது? ஒரு கட்சியில் சேர்வது எளிது. எதிர்க்கட்சிக்குத் தாவுவதும் எளிது. நடுவில் நிற்பதுதான் கால் நுனிக்கு அகப்படாமல் நழுவிக்கொண்டே இருக்கிறது. இது ஏன்?

இந்தக் கேள்வியின் முதல் பாதிக்கு எனக்குப் பதில் சொன்னவர் உத்தமபாளையத்தில் பட்டறை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்.

"சார், வண்டி நின்னதுக்கப்புறம் நியூட்ரலைத் தேடாதீங்க. உருண்டுக்கிட்டு இருக்கும்போதே போட்டுருங்க. நின்னுட்டா உள்ளே பல்லு ஒண்ணையொண்ணு கவ்விக்கும். அப்புறம் லேசுல விடாது" என்றார்.

"அப்படிப் போட்டும் விழவில்லை என்றால்?"

"அப்போ கிளட்ச்சைப் பாருங்க. நீங்க முழுசாப் பிடிச்சிருக்கிறதா நெனச்சுக்கிட்டு இருப்பீங்க. உள்ளே பிளேட்டு விட்டிருக்காது. கேபிள் தளர்ந்திருக்கும், இல்லேன்னா பிளேட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கும். எஞ்சின் இழுத்துக்கிட்டே இருக்கும்போது கால் என்ன சார் செய்யும்?"

அவர் வண்டியைப் பற்றித்தான் சொன்னார். எனக்கு வேறு நினைவுகள் வந்துகொண்டிருந்தன.

இந்தக் கஷ்டத்துக்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தவர்களும் உண்டு. 1955-இல் சென்னையில் இங்கிலாந்துக் கம்பெனியின் கூட்டுறவோடு தொடங்கி, திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் உருவாகி வந்த என்ஃபீல்டு புல்லட் வண்டியைப் பழைய தலைமுறைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நாளைய புல்லட்டில் கியர் வலது காலில் இருந்தது. கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னக் கம்பி இருக்கும். இரண்டு, மூன்று, நான்கு என்று எந்தக் கியரில் இருந்தாலும் அதைக் குதிகாலால் ஒரு மிதி மிதித்தால் வண்டி நேராக நியூட்ரலுக்கு வந்துவிடும். தேட வேண்டியதில்லை, தடவிப் பார்க்க வேண்டியதில்லை. பிறகு ஐந்து கியர் வந்து, கியர் இடது காலுக்கு மாறியபோது அந்தக் கம்பி போய்விட்டது. இன்றைக்கும் பழைய புல்லட்டை வைத்திருப்பவர்கள் அதைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். அதில் ஒரு குறையும் உண்டு. முதல் கியரில் இருக்கும்போது அந்தக் கம்பி வேலை செய்யாது. இழுப்பு மிக அதிகமாக இருக்கும் கியரிலிருந்து குறுக்கு வழியில் நடுவுக்கு வர முடியாது.

மனிதர்களும் தங்களுக்கு இப்படி ஒரு குதிகால் கம்பியைச் செய்து வைத்திருக்கிறார்கள். "ரெண்டு பக்கமும் தப்பு இருக்கு" என்பதுதான் அது. புருஷன் பெண்டாட்டி வழக்கா, பங்காளிச் சண்டையா, வேலைக்காரனுக்கும் முதலாளிக்கும் தகராறா, விசாரிக்கவே வேண்டாம். "ரெண்டு பக்கமும் தப்பு இருக்கு" என்று ஒரு மிதி மிதித்தால் போதும். சொன்னவர் நியாயவானாகிவிடுவார், யாருக்கும் விரோதியாக மாட்டார். பல வழக்குகளில் இரண்டு பக்கமும் தப்பு இருப்பது உண்மைதான். ஆனால் விசாரித்த பிறகு அதைச் சொல்கிறவர் வேறு. விசாரணையைத் தவிர்ப்பதற்காகச் சொல்கிறவர் வேறு.

நியூட்ரலிலும் இரண்டு வகை இருக்கிறது. சில வண்டிகளில் அது கியர் வரிசையின் ஒரு கடைசியில் இருக்கும். ஒரே பக்கமாகத் தட்டிக்கொண்டே போனால் அதற்கு அப்பால் போக வழியில்லாமல் தானாக அங்கே போய் நின்றுவிடும். மற்ற வண்டிகளில் முதலுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் இருக்கும். அதைப் பிடிக்க அரைத் தட்டுத் தட்டத் தெரிய வேண்டும். உலகத்தில் நடுநிலை என்ற பெயரில் வழங்குவதில் பெரும்பகுதி முதல் வகையைச் சேர்ந்தது. அது ஒதுங்குதல். கடைசி வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்வது. அதில் பாவம் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அதை நடுவு நிலைமை என்று சொல்லக் கூடாது. இரண்டு பக்கத்து இழுப்பையும் உணர்ந்துகொண்டு நடுவில் நிற்பவனுக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும்.

திருவள்ளுவர் நடுவு நிலைமைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். குறளின் 12-ஆவது அதிகாரம். அதற்கு முந்தியது செய்ந்நன்றி அறிதல். ஏன் இந்த வரிசை? பரிமேலழகர் காரணம் சொல்கிறார். நமக்கு நன்மை செய்தவரிடத்தில் அந்த நன்மையை நினைக்கும்போது நடுவு நிலைமை சிதைந்துபோகக் கூடும். அங்கேயும் சிதையக் கூடாது என்பதற்காகவே இது அதன் பின்னால் வைக்கப்பட்டதாம். நான் பலமுறை இந்த விளக்கத்தை நினைத்து வியந்திருக்கிறேன். பகைவனிடம் நியாயமாக இருப்பது பற்றி அல்ல அவருடைய கவலை. பசித்த நாளில் சோறு போட்டவனிடம், பிள்ளைக்கு வேலை வாங்கிக் கொடுத்தவனிடம், அவன் வழக்கு நம் முன்னே வரும்போது எப்படி இருப்போம் என்பதுதான் கவலை. கெட்ட குணங்களால் மட்டும் அல்ல, நல்ல குணங்களாலும் கிளட்ச் பிளேட்டு ஒட்டிக்கொள்ளும். நன்றி, பாசம், இரக்கம் எல்லாம் எண்ணெய்ப் பிசுக்குப் போல ஒட்டிக்கொண்டிருக்க, கையை முழுவதும் அழுத்திவிட்டதாகவே நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

இந்தப் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இதைச் சொல்ல வெளியூர்க் கதை தேவையில்லை. கூடலூருக்கு மேலே, இரண்டு மாநிலங்களின் எல்லையில் இருக்கும் மலைமுகட்டில் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. வருஷத்தில் ஒரு நாள், சித்திரைப் பௌர்ணமியன்று, ஜனங்கள் மலையேறிப் போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறார்கள். மதுரையை எரித்துவிட்டு மேற்கே நடந்து வந்தவள் கடைசியாக நின்ற இடம் இதுதான் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை.

அவளுடைய வழக்கில் பாண்டியன் கோவலனுக்கு விரோதியா? இல்லை, அவன் அந்த வணிகனைப் பார்த்ததே கிடையாது. பொற்கொல்லன் அரசனுக்கு உறவா? அதுவும் இல்லை. பார்க்கப் போனால் நடுநிலைக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் அமையாது. ஆனால் அன்றைக்கு அரசனுடைய மனம் வேறோர் இடத்தில் கோத்துக்கொண்டிருந்தது. ஊடல் கொண்டு போய்விட்ட தேவியைச் சமாதானம் செய்ய அந்தப்புரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். வழியில் வந்து நின்றான் பொற்கொல்லன். காணாமற் போன சிலம்பு கிடைத்தால் தேவியின் ஊடலும் தீரும் அல்லவா? நடந்துகொண்டே உத்தரவு பிறந்தது. ஓர் உயிர் போயிற்று. அரசன் கொடியவன் அல்ல. கைப்பிடியை முழுவதும் அழுத்தாமல் தீர்ப்புச் சொன்னவன், அவ்வளவுதான். உண்மை தெரிந்தபோது அந்த இடத்திலேயே அவன் உயிரை விட்டான் என்பதால், நடுவு நிலைமையின் மதிப்பு அவனுக்குத் தெரிந்தேதான் இருந்தது என்று ஊகிக்கலாம். தெரிந்திருப்பது மட்டும் போதவில்லை.

அப்படியானால் எந்த வழக்கிலும் மனத்தை முழுவதும் விடுவித்துக்கொள்ள முடியுமா? முடியாத வழக்குகளும் இருக்கின்றன. 1886-இல் திருவிதாங்கூரோடு 999 வருஷக் குத்தகை எழுதி, பென்னிகுயிக் 1887-இல் தொடங்கி, 1895-இல் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்து வந்து இந்தப் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. கூடலூரிலிருந்து வீரபாண்டி வரை கண்ணுக்கு எட்டுகிற நெல்வயலின் பச்சை அந்தத் தண்ணீர் கொடுத்தது. அதைக் குடித்து, அதில் விளைந்த அரிசியைத் தின்கிறவன் அந்த அணையின் வழக்கில் நடுவனாக முடியாது. 2011 டிசம்பரில் குமுளிச் சாலை அடைபட்டு, ஏலத்தோட்டத்து வேலைக்குப் போன நம் ஜனங்கள் பயந்து திரும்பி வந்தபோது, நான் எந்தப் பக்கம் என்று யாரும் என்னைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு கரையிலும் சேராத ஒரு நீதிமன்றம் அதற்கு வேண்டியிருந்தது. 2014 மே மாதத்தில் 142 அடி வரை தண்ணீரைத் தேக்கலாம் என்று அது தீர்ப்புச் சொன்னது.

ஆனால் கட்சிக்காரனுக்கும் ஒரு கடமை உண்டு. அணைக்குக் கீழே இடுக்கி மலைச்சரிவில், இராத்திரி மழைச் சத்தம் கேட்டு விழித்துக்கொள்ளும் ஒரு தாயின் பயம் பொய்யல்ல என்று ஒப்புக்கொள்வதுதான் அது. அணை பலமாக இருக்கிறது என்று நான் நம்பலாம். அதற்குச் சான்றும் காட்டலாம். அவளுடைய பயத்தைக் கேலி செய்ய எனக்கு உரிமை இல்லை. கியரில் இருந்துகொண்டே பிறருக்கு வழிவிட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் இந்தப் பக்கத்துக்காரன் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு நியாயமாகப் பேசுகிறவர், நடுநிலை வேஷம் போடுகிறவரைவிட எவ்வளவோ மேல்.

மெக்கானிக் சொன்ன இன்னொரு விஷயத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். உருளும்போதே நியூட்ரலைப் போட்டுவிட வேண்டும். சண்டை முற்றி இரண்டு தரப்பும் முறைத்துக்கொண்டு நின்றுவிட்ட பிறகு மத்தியஸ்தம் செய்யப் போகிறவர்கள் படும் பாட்டை நாம் பார்த்திருக்கிறோம். பல்லும் பல்லும் கவ்விக்கொண்ட பிறகு எவ்வளவு மிதித்தாலும் கியர் அசையாது. அப்போது வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் அசைத்துக் கொடுக்க வேண்டும். அண்ணன் தம்பியை ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்காரவைத்துவிட்டுப் பிறகு வரப்புத் தகராறைப் பேசுகிற கிராமத்துப் பெரியவர்களுக்கு இந்தச் சூட்சுமம் நன்றாகத் தெரியும்.

அந்த மெக்கானிக்கிடம் விடைபெறும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். "குமுளி மலை, போடிமெட்டு மலை இறங்கும்போது பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல விட்டுட்டு வராதீங்க சார். அதுல போயிச் சேந்தவங்க நெறையப் பேரு." கியரில் இருந்தால் இறக்கத்தில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றாகக் கடக்கக் கடக்கப் பிரேக் சூடேறி, கடைசியில் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காது. சமதரையில் நியூட்ரல் போட்ட வண்டி நின்ற இடத்தில் நிற்கும். சரிவில் அதே நியூட்ரல் வண்டியைப் பள்ளத்தை நோக்கிக் கொண்டுபோகும்.

இந்தப் பேச்சு எனக்குச் சின்னமனூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு பாகப்பிரிவினைக்குப் போய் உட்கார்ந்ததை நினைவுபடுத்தியது. இரண்டு அண்ணன்மார், போடியில் வாழ்க்கைப்பட்ட ஒரு தங்கை. தகப்பனார் காலமாகி ஒரு வருஷம். பூர்வீகமாகக் கொஞ்சம் நஞ்சையும் ஒரு தென்னந்தோப்பும் இருந்தன. ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேரோடு நாலாவது ஆளாக என்னையும் அழைத்திருந்தார்கள். கதை எழுதுகிறவன் யாருக்கும் உறவு இல்லை என்ற நம்பிக்கை போலும்.

தங்கை கையெழுத்துப் போட வேண்டிய விடுதலைப் பத்திரம் எழுதித் தயாராக இருந்தது.

"நாம யாரு பக்கமும் பேச வேணாம்ப்பா. அண்ணன் தங்கச்சி, அவங்களே பேசிக்கட்டும். நாம பொதுவா இருப்போம்" என்றார் பெரியவர்களில் மூத்தவர்.

மூத்த அண்ணன் தங்கையைப் பார்த்து, "ஏம்மா, கல்யாணத்துக்குச் செஞ்சாச்சு, சீரு செனத்தின்னு எதுலயும் கொறை வைக்கல. ஒரு கையெழுத்தைப் போட்டுட்டு நல்லபடியாப் போயிட்டு வா" என்றார்.

அந்தப் பெண் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள். "போடுறேண்ணே" என்றாள்.

"மனசாரத்தான் போடுறீங்களாம்மா?" என்று நான் கேட்டேன்.

அவள் என்னைப் பார்க்காமலே பதில் சொன்னாள். "மனசு என்னங்க சார் மனசு? பொறந்த வீட்டு வாசல் வேணும்ல. நாளைக்கு எம் புள்ளைக்குக் காது குத்துன்னா தாய்மாமன் மடி வேணும்ல."

இந்துக் கூட்டுக் குடும்பத்துப் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை உண்டு என்று தமிழ்நாடு 1989-இல் சட்டம் செய்தது. 2005-இல் அது நாடு முழுவதற்கும் வந்தது. அந்த வீட்டில் இருந்த எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. யாரும் அவளை மிரட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. பெரியவர்கள் உண்மையாகவே யாருக்கும் பாதகம் நினைக்காதவர்கள். அவர்கள் செய்ததெல்லாம் பொதுவாக இருந்ததுதான். ஆனால் அந்தக் கூடம் சமதரை அல்ல. ஒரு பக்கம் நிலமும் வீடும் ஊரும். இன்னொரு பக்கம், குழந்தைக்கு ஒரு மடி கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம். அங்கே நான்கு பேர் நடுவில் உட்கார்ந்திருந்தால் பேனா தானாக அவள் கைக்கு உருண்டு போய்விடும்.

இன்றைக்குக் கையெழுத்து வேண்டாம் என்றும், சட்டப்படி அவளுக்கு என்ன சேரும் என்பதை அவளுக்குத் தெளிவாகச் சொல்லி, அவள் போடிக்குப் போய் யோசித்துவிட்டு வரட்டும் என்றும் நான் சொன்னேன். மூத்தவர் முகம் சுருங்கிவிட்டது. "பொதுவான ஆளுன்னு கூப்பிட்டா, ஒரு பக்கமாப் பேசுறீங்களே சார்" என்றார். அது உண்மைதான், ஒரு பக்கமாகத்தான் பேசினேன். சில மாதங்களுக்குப் பிறகு அவள் பெயருக்கு நஞ்சையில் ஒரு பகுதியை எழுதி வைத்தார்கள். சமபங்கு அல்ல, அதுவே போதும் என்று அவள் சொல்லிவிட்டாளாம். காதுகுத்துக்கு இளைய மாமன் மடியில் வைத்துக்கொண்டார். மூத்தவர் போகவில்லை. சின்னமனூர்க் கடைவீதியில் எதிர்ப்பட்டால் இன்றும் அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போகிறார். அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

தேசங்களுடைய விவகாரமும் இதுவேதான். அணிசேராமையின் தலைவரான நேரு, 1949-இல் அமெரிக்கக் காங்கிரஸில் பேசியபோதே ஓர் எல்லையைச் சொல்லிவிட்டார். சுதந்திரத்துக்கு ஆபத்து வரும்போதும் நீதிக்குக் கேடு வரும்போதும் நாங்கள் நடுநிலையாக இருக்க முடியாது, இருக்கவும் மாட்டோம் என்பது அதன் சாரம். 1956-இல் சூயஸ் கால்வாய்க்காக எகிப்தின் மேல் படையெடுத்தவர்களைத் தாமதமின்றிக் கண்டித்த டில்லி, அதே சமயம் ஹங்கேரியில் சோவியத் டாங்கிகள் நுழைந்தபோது கண்டிக்கத் தயங்கியது. அந்தத் தயக்கத்தை அவருடைய நண்பர்களே குறை சொன்னார்கள். சரிவு எங்கே இருக்கிறது என்று அறிந்தவர்களுக்கே, அறிந்தபடி நடப்பது அவ்வளவு கடினமாக இருக்கிறது.

ஆகவே, நடுவில் நிற்கப் போகிறவன் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்று நினைக்கிறேன். நான் யார் பக்கம் என்பதற்கு முன்னால், நான் கையை எடுத்துவிட்டால் இந்த வண்டி எந்தப் பக்கம் உருளும் என்று பார்க்க வேண்டும். எந்தப் பக்கமும் உருளாது என்றால் தாராளமாக நடுவில் இருக்கலாம். அங்கே அவசரப்பட்டு ஒரு பக்கம் சாய்வதுதான் அநியாயம். ஏதோ ஒரு பக்கம் உருளும் என்று தெரிந்தால், சும்மா இருப்பதும் அந்தப் பக்கம் தள்ளுவதுதான். கேட்கும்வரை நடுநிலை, இரு தரப்பையும் முழு மனத்தோடு, வேறு எதிலும் மனம் கோத்துக்கொள்ளாமல் கேட்கும்வரை. கேட்டு முடித்த பிறகு கியரைப் போட்டாக வேண்டும்.

நியூட்ரலில் எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கும். சத்தம் வரும், பெட்ரோலும் செலவாகும். வழக்கைச் சொல்லிவிட்டு நம் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு அந்தச் சத்தத்தால் பயன் இல்லை. அவர்களுக்கு ஒரு பதில் வேண்டும். அதைச் சொல்வதால் ஒரு வீட்டு வாசல் நமக்கு அடைபடலாம். பொதுவான ஆள் என்று நம்பி அழைக்கப்பட்டவன் அதற்கும் சேர்த்துத்தான் போய் உட்காருகிறான்.